ஆழ்வாப்பிள்ளையரின் வேலிப் பொட்டு

மடத்துவெளி ஆழ்வாப்பிள்ளையரிடம் அடி வாங்காதவர்கள் எங்கள் பக்கத்தில் குறைவு. நான் இரண்டு முறை வாங்கியிருக்கிறேன். ஒருமுறை தேத்தண்ணீரில் சீனி குறைந்ததற்கு. மற்றமுறை அவர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் நின்று தும்மியதற்கு. அந்த அடியில் என் கடைவாய்ப்பல் ஒன்று ஆட்டம் கண்டு, ஒரு கிழமைக்குள் விழுந்துபோனது. இப்போது அவர் செத்துப்போனார் என்றவுடன், தங்கமான மனிதர், பச்சைப்பிள்ளை போன்றவர் என்று ஆட்கள் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பொய்க்கும் ஒரு அளவு வேண்டும். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

புங்குடுதீவின் மேற்குக் கரையில், குறிகட்டுவான் துறையடியில் எனக்கு ஒரு தேத்தண்ணீர்க் கடை இருந்தது. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் வள்ளம் ஏறுகிறவர்கள் எல்லோரும் என் கடை வாங்குப் பலகையில் கொஞ்ச நேரம் குந்திவிட்டுத்தான் போவார்கள். ஆழ்வாப்பிள்ளையர் வள்ளம் ஏற வந்தவரல்ல. கக்கத்தில் சதுரங்கப் பெட்டியை இடுக்கிக்கொண்டு, நயினாதீவு வள்ளக்காரன் குருசுமுத்துவைத் தேடி வந்தவர்.

அவர் சதுரங்கம் பழகியது தெற்கே, சிங்களப் பகுதியில், ஒரு ரயில் சந்தியில். அங்கே அவருக்குப் பலசரக்குக் கடை. பக்கத்து ரயில் நிலையத்தில் வேலை பார்த்த பறங்கி ஒருவர் பின்னேரங்களில் கடைப் படியில் இருந்து ஆடுவாராம். மடத்துவெளியில் மனைவி நாகமுத்துவை விட்டுவிட்டு, வருடத்தில் இரண்டு தடவை ஊருக்கு வந்துபோகிற சீவியம். பிள்ளைகள் இல்லை. ஐம்பத்தெட்டாம் ஆண்டு தமிழரை அடித்த கலவரம் வரைக்கும் அப்படித்தான் போனது.

அந்தக் கலவரத்தில் அவருடைய கடையை உடைத்தார்கள். கடையில் நின்ற காரைநகர்க்காரர் ஒருவரை வீதிக்கு இழுத்துப் போட்டு, தராசுப் படிக்கல்லாலேயே தலையில் அடித்துக் கொன்றார்கள். ஆழ்வாப்பிள்ளையர் பின்பக்கம் ஓடியிருக்கிறார். பின்வளவுச் சுவர்ப் பலகையைப் பக்கத்துப் பேக்கரிக்காரச் சிங்களவர் மறுபக்கத்திலிருந்து கழற்றி, இவரைத் தலைமயிரில் பிடித்து உள்ளே இழுத்திருக்கிறார். இழுத்து, மாமூட்டை அடுக்கிய அறைக்குள் தள்ளிக் கதவைப் பூட்டிவிட்டார். வெளியே கதவைக் கோடரியால் கொத்தினார்கள். கதவு பாலை மரம். அசையவில்லை. கொத்தியவர்கள் அலுத்துப்போய் அடுத்த கடைக்குப் போய்விட்டார்கள்.

அகதிக் கப்பலில் காங்கேசன்துறை வந்து, அங்கிருந்து ஊருக்கு வந்து சேர்ந்தபோது அவருக்கு ஒரு காது கேட்காது. கோபம் மட்டும் முன்னையிலும் பத்து மடங்கு. இந்தக் கதையை என் கடை வாங்கில் இருந்து அவர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். சொல்லச் சொல்லக் கதை தேய்ந்துகொண்டே போனது. முதலில் பலகையைக் கழற்றிய பேக்கரிக்காரரின் கை காணாமல் போனது. பிறகு அந்தச் சுவர் காணாமல் போனது. கடைசியில் மிஞ்சியது பாலை மரக் கதவு மட்டும். அந்தக் கதவுதான் தன்னைக் காப்பாற்றியது என்று அவர் மனதார நம்பினார். ஆளை அழித்தது அந்த நம்பிக்கைதான் என்பேன்.

ஊரோடு வந்ததும் முதல் வேலையாக வேலியைப் பிடித்தார். யாழ்ப்பாணத்தான் எவனும் வேலி அடைக்கிறவன்தான். இவர் அடைத்தது வேறு மாதிரி. பூவரசங் கதியாலை, அந்த உயிர்க் கம்புகளை, நெருக்கி நட்டு, பனையோலையை இரட்டையாக வரிந்து, உள்பக்கம் முள்ளுக்கம்பி ஓட்டினார். போய்வர ஒழுங்கைப் பக்கம் ஒரேயொரு படலை வாசல். அதற்கும் இரும்புத் தாழ்ப்பாள். பகலிலும் பூட்டித்தான் கிடக்கும்.

சதுரங்கத்திலும் அதே கதை. விளையாட்டுத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பலகையின் நடுவில் நிற்கிற ராசாவை, ஆட்டத்தில் ஒரேயொரு முறை, இரண்டு கட்டம் ஓரப்பக்கமாக நகர்த்தி, மூலையில் நின்ற தேரை அவருக்கு மறுபக்கம் காவலாகக் கொண்டுவந்து வைக்கலாம். முன்னால் மூன்று காலாட்கள் வரிசையாக நிற்பார்கள். இதைக் கோட்டை கட்டுவது என்போம். வலப்பக்கமும் கட்டலாம், இடப்பக்கமும் கட்டலாம், கட்டாமலும் விடலாம். ஆழ்வாப்பிள்ளையருக்கு அந்த யோசனையே கிடையாது. எதிராளி எந்தப் பக்கத்தால் வருகிறான் என்று பார்க்கமாட்டார். முதல் வாய்ப்பில் கிட்டின பக்கத்தில் ராசாவைக் கொண்டுபோய்ப் பூட்டுவார். அதன் பிறகு அந்த மூன்று காலாட்களில் ஒருவனையும் அசைக்கமாட்டார். அசைக்கச் சொன்னால், கதியாலைப் பிடுங்கச் சொல்கிறாயா என்று கேட்பார்.

குருசுமுத்து ஊர்காவற்றுறைக் கத்தோலிக்கர். சின்ன வயதில் கொழும்புக் கப்பலொன்றில் வேலை பார்த்து, அங்கே ஆட்டம் பழகியவர். காற்று எந்தப் பக்கமென்று பார்த்துப் பாய் ஏற்றுகிறவர் அல்லவா, கோட்டையும் அப்படித்தான் கட்டுவார். மற்றவருடைய காலாட்கள் எந்தப் பக்கம் ஓடி வருகிறார்கள் என்று பொறுத்திருந்து, மற்றப் பக்கம் கட்டுவார். சில வேளை பொறுத்துப் பொறுத்து, கட்டுவதற்கு முந்தியே நடுப் பலகையில் மாட்டுப்பட்டும் போவார். அப்போதெல்லாம் ஆழ்வாப்பிள்ளையர் சிரிக்கிற சிரிப்புக்கு நெடுந்தீவுக் குதிரைகள் மிரளும். மொத்தத்தில் இருவரும் சரிக்குச் சரி என்றுதான் சொல்லவேண்டும். ஆனால் ஆழ்வாப்பிள்ளையர் தோற்கிற தோல்விகள் ஒரே மாதிரி இருக்கும். எதிராளியின் தேர் ஒன்று அவருடைய கடைசி வரிசைக்கு இறங்கும். ராசாவுக்கு முன்னால் அவருடைய சொந்தக் காலாட்கள் மூவரும் மதில் மாதிரி நிற்பார்கள். ராசா தன்னுடைய வேலிக்குள்ளேயே சாவார்.

இனி அந்தப் பொட்டின் கதைக்கு வருகிறேன்.

ஆழ்வாப்பிள்ளையரின் தங்கை அன்னபூரணம் பக்கத்து வளவில் இருந்தாள். தாய் தகப்பனின் காணியை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி. இரண்டு வளவுக்கும் இடையில் ஒரு வேலி. அந்த வேலியில், ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஒரு இடைவெளி. எங்கள் ஊரில் இதற்குப் பொட்டு என்று பெயர். சொந்தக்காரர் வீடுகளுக்கிடையில் பொட்டு இல்லாத வேலி கிடையாது. கறி போவதும் வருவதும், கண்ணீர் போவதும் வருவதும் அதனால்தான். நாகமுத்துவும் அன்னபூரணமும் ஒருவர் குசினி அடுப்பை மற்றவர் தன்னுடையதென்று நினைத்துப் புழங்கினவர்கள். பிள்ளையில்லாத வீட்டில் நாகமுத்துவுக்கு வாய்த்த ஒரே துணை அந்த மச்சாள்தான்.

அறுபதுகளின் நடுவில் ஒரு வருடம், வேலி புதிதாக அடைக்கிற நாளில், அன்னபூரணத்தின் புருசன் தியாகலிங்கம் மூலைக் கதியாலை ஒரு சாண் தள்ளி நட்டுவிட்டார். வேண்டுமென்று செய்தாரா, கயிறு தவறியதா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சங்கக்கடை மனேச்சர். சண்டைக்குப் போகிற ஆளல்ல. ஆழ்வாப்பிள்ளையர் வந்து பார்த்தார். குழி தோண்டக் கிடந்த இரும்பு அலவாங்கை எடுத்துத் தியாகலிங்கத்தின் நெற்றியில் போட்டார். மண்டை பிளந்து, ஓலைக் கட்டெல்லாம் இரத்தம். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்வரை ஆள் தப்புமா என்பது சந்தேகமாகத்தான் இருந்தது. தப்பிவிட்டார். நெற்றியில் புருவம் வரைக்கும் ஒரு தழும்பு மிஞ்சியது. மனைவியின் முகத்துக்காக அவர் வழக்குப் போடவில்லை.

அடித்தவர் வெட்கப்பட வேண்டும். இவர் என்ன செய்தார்? அடுத்த நாளே பொட்டில் நெருக்கமாகக் கதியால் போட்டு, முள்ளுக்கம்பியைக் குறுக்கும் மறுக்கும் இழுத்து, அதன் மேல் காரைமுள் அடைத்து மூடினார். வேலிக்கு அந்தப்பக்கம் தங்கை நின்று தலையிலடித்து அழுததைப் பார்த்துக்கொண்டே ஆணியை இறுக்கினார்.

நாகமுத்து சாதுவான பெண். புருசனை எதிர்த்துப் பேசியதை ஒருவரும் கேட்டதில்லை. ஆனால் இந்த ஒரு விசயத்தை அவள் விடவில்லை. கறிச்சட்டியை வேலிக்கு மேலால் எட்டிக் கொடுத்து, கால் நொந்து போனவள். கிணற்றடியில் வைத்தும், சோறு போடும்போதும் கேட்டுக்கொண்டே இருந்தாளாம்.

“இஞ்சாருங்கோ, ஒரு ஆள் குனிஞ்சு போற அளவுக்காவது திறந்து விடுங்கோவன். ஒரு ஆபத்து அந்தரமெண்டால் நாங்கள் எந்தப் பக்கத்தாலை ஓடுறது? அண்டைக்கு உங்களை அந்தப் பேக்கரிக்காரன் சுவருக்காலைதானே இழுத்தவன்?”

“இழுத்ததாலை தப்பேல்லை. கதவு பூட்டினதாலை தப்பினனான். வாற வழி ஒண்டெண்டால் காவலும் ஒண்டு. நீ சும்மா இரு” என்பது அவர் பதில்.

இந்தப் பேச்சை ஊர் முழுக்க அறியும். குருசுமுத்துவும் அறிவார். ஒருநாள் என் கடை வாங்கில், வழக்கம்போல, அவருடைய தேர் ஆழ்வாப்பிள்ளையரின் கடைசி வரிசைக்கு இறங்கியது. ராசாவுக்கு ஓட இடமில்லை. குருசுமுத்து பீடியைப் பற்றவைத்தபடி சொன்னார்:

“அண்ணை, வேலி அடைக்கிறது சரி. ஒரு பொட்டு விட்டு அடைச்சிருக்கலாம்.”

பலகை என் பால்ச்சட்டிக்கு மேலால் பறந்தது. ஆழ்வாப்பிள்ளையர் குருசுமுத்துவின் கழுத்தைப் பிடித்து மரத்தூணோடு அறைந்தார். குருசுமுத்து சும்மா நிற்கிற ஆளில்லை. வள்ளம் வலிக்கிற சவளை எடுத்து இவர் விலாவில் விட்டார். இருவரும் கட்டிப்புரண்டு துறைக் கல்லில் உருண்டு, இடுப்பளவு தண்ணீரில் விழுந்து, தண்ணீருக்குள்ளும் குத்திக்கொண்டார்கள். நயினாதீவுக்குப் போக வந்த பக்தர்கள் எல்லாரும் அரோகராவை மறந்து வேடிக்கை பார்த்தார்கள். காய்களைப் பொறுக்கி எடுத்தபோது ஒரு காலாள் கடலோடு போய்விட்டது. அன்றிலிருந்து அதற்குப் பதில் கரையில் பொறுக்கிய ஒரு சோகிச் சிப்பி வைத்து ஆடினார்கள். ஆம், பிறகும் ஆடினார்கள். ஒரு மாதம் முறுகிக்கொண்டு திரிந்துவிட்டு, ஒன்றும் நடவாததுபோல வந்து குந்தினார்கள்.

இப்படி அடித்துக்கொண்டே திரிந்தவர் ஒருநாள் அடிக்கக்கூடாத ஆளை அடித்தார். இளையதம்பி என்று ஒரு லொறிக்காரன். கல்லும் மணலும் ஏற்றுகிறவன். அவனைச் சுற்றி எந்த நேரமும் நாலு தடியன்கள் நிற்பார்கள். அவனுடைய லொறி ஒழுங்கை முடக்கில் திரும்பும்போது ஆழ்வாப்பிள்ளையரின் வேலியை இடித்துவிட்டது. இவர் சாரதியை இழுத்து விழுத்திக் கையை முறித்தார். இளையதம்பி நியாயம் கேட்டுச் சந்திக்கு வந்தபோது, அத்தனை பேர் பார்க்க அவன் கன்னத்தில் அறைந்தார். இளையதம்பி திருப்பி அடிக்கவில்லை. கன்னத்தைத் தடவிக்கொண்டு, குரலை உயர்த்தாமல் சொன்னான்:

“வேலிதானே உம்மடை பலம். அதுக்குள்ளையே வைச்சுக் கொளுத்துறன், பாரும்.”

அதன் பிறகு ஆழ்வாப்பிள்ளையர் துறையடிப் பக்கம் வருவதையும் குறைத்துக்கொண்டார். படலைக்கு இன்னொரு தாழ்ப்பாள் போட்டார். நாகமுத்துவைக் கோயிலுக்கும் தனியே விடமாட்டார். அவள் கேட்டது பழைய ஒன்றைத்தான். பொட்டைத் திறக்கச் சொன்னாள். அவர் இன்னொரு சுற்றுக் கம்பி இழுத்தார்.

ஆனி மாதம், கோயில் தேர். சோளகக் காற்று வீசி மண்ணை அள்ளி எறிகிற காலம். வேலி ஓலையெல்லாம் காய்ந்து சருகாகி நிற்கும். ஊர் முழுக்கத் தேரடியில். ஆழ்வாப்பிள்ளையர் போகவில்லை, நாகமுத்துவையும் போகவிடவில்லை. பக்கத்து வளவில் தியாகலிங்கமும் அன்னபூரணமும் நின்றார்கள். தியாகலிங்கத்தின் சிறியதகப்பன் செத்துத் துடக்கு, கோயிலுக்குப் போக முடியாது. அந்தச் சாவு வராமல் இருந்திருந்தால் ஆழ்வாப்பிள்ளையரும் அன்றைக்கே செத்திருப்பார்.

பட்டப்பகல் உச்சி வெயிலில் இளையதம்பியின் ஆட்கள் ஒழுங்கையால் வந்தார்கள். கையில் கத்தி, போத்தலில் பெற்றோல். படலைக்கு ஊற்றிக் கொளுத்தினார்கள். சோளகம் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது. இரட்டை ஓலை அல்லவா, கண்மூடித் திறப்பதற்குள் வேலி மூன்று பக்கமும் பிடித்துக்கொண்டு எரிந்தது. அத்தனை வருடம் நெருக்கி நெருக்கி அடைத்ததெல்லாம் அவரைச் சுற்றி நெருப்பாக நின்றது. தேரடியில் நாங்களும் புகையைக் கண்டோம். வடம் பிடித்து நின்ற நான் அதைக் கற்பூரப் புகை என்று நினைத்துக் கும்பிட்டேன்.

ஆழ்வாப்பிள்ளையரும் நாகமுத்துவும் பொட்டடிக்கு ஓடினார்கள். வேறு எங்கே ஓடுவது? அங்கே அவர் கையால் அடைத்த கதியால், கம்பி, காரைமுள். அந்தப்பக்கம் தியாகலிங்கம் அலவாங்கோடு நின்று கதியாலைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அவருடைய நெற்றியைப் பிளந்த அதே அலவாங்குதான். இரண்டு கதியாலைப் புரட்டிவிட்டார். கம்பியை வெறுங்கையால் பிடித்து இழுத்தார். உள்ளங்கைச் சதை கம்பியோடு வந்தது. அன்னபூரணம் கொடுவாக்கத்தியால் முள்ளைக் கொத்தினாள். நிலத்தோடு ஒட்டி, ஒரு ஆள் தவழ்ந்து போகிற அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்தது. ஒரு ஆள் மட்டும்.

படலை எரிந்து விழுகிற சத்தம் கேட்டது. ஆழ்வாப்பிள்ளையர் மனைவியின் தோளைப் பிடித்துக் கீழே அமுக்கினாராம். அவள் அவரைத் தள்ளினாள். வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருசனைத் தள்ளினாள்.

“உங்களைத்தான் தேடி வாறாங்கள். என்னை ஒண்டும் செய்யாங்கள். நீங்கள் முதல் போங்கோ.”

அவர் போனார். முதுகைக் கம்பி உழுத இரத்தத்தோடு அந்தப்பக்கம் போய் விழுந்தார். பின்னால் நாகமுத்து குனிந்து கையை நீட்டினாள். அன்னபூரணம் அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். சேலை கம்பியில் மாட்டிக்கொண்டது. அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். தாங்கள் தேடி வந்த ஆள் தப்பிவிட்டார் என்று கண்ட ஆத்திரத்தில், இளையதம்பியின் மைத்துனன் கத்தியை அவள் பிடரியில் இறக்கினான். பிறகு முதுகில். பிறகும் முதுகில். கத்தி எழும்பி இறங்குவதை ஓட்டை வழியாக மூன்று பேரும் பார்த்தார்கள். அன்னபூரணம் வழக்கில் சாட்சி சொல்லும்போது, “கை என்ரை கையிலைதான் இருந்தது ஐயா. இழுத்துக்கொண்டு நிக்கேக்கை சோர்ந்து போச்சு” என்று மட்டும் சொன்னாள்.

ஆழ்வாப்பிள்ளையர் அழவில்லை. தியாகலிங்கத்தின் காலடியில் கிடந்த அலவாங்கை எடுத்துக்கொண்டு தேரடிக்கு நடந்தார். இளையதம்பி அங்கே வெறும் மேலில் திருநீறு பூசி, ஊருக்குத் தெரியவேண்டும் என்பதற்காகவே, வடத்தின் முன்னணியில் நின்றுகொண்டிருந்தான். எனக்கு நாலு ஆள் முன்னால். முதுகெல்லாம் இரத்தமாக இவர் வந்ததைக் கண்டு சனம் விலகியது. முதல் அடி தோளில். எலும்பு முறிந்த சத்தம் மேளத்துக்கு மேலால் கேட்டது. விழுந்தவனின் கையை நிலத்தில் வைத்து அலவாங்கின் கூர்ப்பக்கத்தால் குத்தினார். குத்திக்கொண்டே இருந்தார். நானும் இன்னும் சிலரும் பாய்ந்து பிடிக்காவிட்டால் தலையும் போயிருக்கும். தேர் இருப்பிடத்துக்குப் போகாமல் நடுவீதியில் நின்றது. குருக்கள் பரிகாரம் செய்து முடித்துத்தான் மறுபடி இழுத்தார்கள்.

வெட்டினவர்களும் மறியலுக்கு, அதாவது சிறைக்கு, போனார்கள், ஆழ்வாப்பிள்ளையரும் போனார். இளையதம்பி தப்பிவிட்டான். கொலை நடந்த நேரம் அவன் வடம் பிடித்து நின்றதற்கு ஊரே சாட்சி, என்னையும் சேர்த்து. மிச்சக் காலம் முழுக்க ஒற்றைக் கையோடு திரிந்தான். எனக்கு அந்தக் கையைக் காணும்போதெல்லாம் மனதுக்குள் ஒரு சந்தோசம் வரும். அதை ஒளிக்க நான் விரும்பவில்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் ஆழ்வாப்பிள்ளையர் திரும்பி வந்தார். மயிர் முழுக்க வெளுத்து, ஆள் பாதியாகியிருந்தார். வளவில் வீட்டுச் சுவர் மட்டும் நின்றது. அன்னபூரணம் இரண்டு வளவுக்கும் இடையில் ஒரு கதியாலும் இல்லாமல் பிடுங்கி எறிந்துவிட்டிருந்தாள். இரண்டும் ஒரே முற்றமாகக் கிடந்தது. அண்ணனைத் தன் வீட்டில் சாப்பிட்டுப் படுக்கச் சொன்னாள். தியாகலிங்கமும் வாசலில் நின்று, “வா மச்சான்” என்றார். அந்த நெற்றித் தழும்போடு, கம்பி கிழித்த கையை நீட்டி அப்படிக் கூப்பிட எத்தனை பேரால் முடியும்? என்னால் முடியாது.

இவர் சாப்பிட்டார். அடுத்த நாள் காலமை எழும்பிக் கதியால் வெட்டப் போய்விட்டார். பழைய இடத்தில் மறுபடி வேலி போட்டார். ஊர் வாயில் விரலை வைத்தது. இத்தனைக்குப் பிறகும் புத்தி வரவில்லை என்று நானும் ஏசினேன். பிறகு போய்ப் பார்த்தேன். ஒற்றை ஓலை. கம்பி இல்லை. பழைய இடத்தில் ஒரு பொட்டு, குனியத் தேவையில்லாமல் இரண்டு பேர் சேர்ந்து போகிற அகலம். அப்படியென்றால் வேலி எதற்கு என்று கேட்டேன்.

“வேலி இல்லாட்டிப் பொட்டை எங்கை விடுறது?” என்று என்னைத் திருப்பிக் கேட்டார். அடிக்கவில்லை. மறியலுக்குப் பிறகு அவர் ஒருவரையும் அடித்ததில்லை. அடிக்கிற கையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார் போலும்.

துறையடிக்கும் வந்தார். அதே பெட்டி, அதே சோகி. கோட்டை கட்டுகிற பழக்கம் மாறவில்லை. ஆனால் கட்டிய கையோடு, மூலைப் பக்கத்துக் காலாளை ஒரு கட்டம் முன்னுக்குத் தள்ளி, ராசாவுக்கு ஒரு வழி திறந்து வைப்பார். எந்த ஆட்டமானாலும், அவசரமோ இல்லையோ. குருசுமுத்துவுக்கு இது பொறுக்கவில்லை. பொட்டும் நேரம் பார்த்துத் திறக்க வேண்டியதென்று விளங்கப்படுத்தினார். எதிராளி அந்தப் பக்கத்தால் வந்துகொண்டிருக்கும்போது காலாளைத் தள்ளினால், அந்தக் காலாளையே கொளுவிப் பிடித்து வேலியைப் பிரித்துவிடுவான் என்றார். பிரித்தும் காட்டினார். ஆழ்வாப்பிள்ளையர் கடைசி வரிசையில் சாவது நின்றது. வேறு விதங்களில் தோற்றார். முன்னையைவிடக் கூடத்தான் தோற்றார். அவருக்கு அது ஒரு பொருட்டாகத் தெரியவில்லை. ஆட்டம் போனாலும் ராசாவுக்கு வழி இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

எழுபத்தேழில் மறுபடி தெற்கிலிருந்து சனம் அடிபட்டு வந்தபோது, திருத்திக் கட்டிய தன் வீட்டில் இரண்டு குடும்பத்தை வைத்திருந்தார். அவர்களிடம் தன் கதையைச் சொன்னாராம். இம்முறை பேக்கரிக்காரரின் கை கதைக்குத் திரும்பி வந்திருந்தது என்று அன்னபூரணம் சொன்னாள்.

கடைசி ஆட்டம் எண்பத்திரண்டில். மழைக்கு முந்தின ஒரு பின்னேரம். ஆழ்வாப்பிள்ளையருக்கு நெஞ்சு வருத்தம் தொடங்கியிருந்தது. வழக்கம்போலக் கோட்டை கட்டி, பொட்டுத் திறந்து, அதிசயமாக நன்றாக ஆடினார். அவருடைய தேர் நடுப் பலகையில் நெடுக வழி திறந்து, குருசுமுத்துவின் கடைசி வரிசைக்கு இறங்கத் தயாராக நின்றது. குருசுமுத்துதான் அன்றைக்குத் தன் காலாட்களை அசைக்காமல் விட்டிருந்தார். வயது போகிறது அல்லவா. வேறு வழியில்லாமல் குதிரையைப் பாய்ச்சினார். குதிரை ஒரே பாய்ச்சலில் ஆழ்வாப்பிள்ளையரின் ராசாவுக்கும் ராணிக்கும் சேர்த்துக் குறி வைத்தது.

நான் குனிந்து பார்த்தேன். பார்த்தவுடன் எனக்குச் சந்தோசப் புளுகம் தாங்கவில்லை. ராசா பொட்டால் ஒரு அடி வெளியே வந்தால் போதும். குதிரை ராணியை வெட்டும், வெட்டட்டும். அடுத்த நகர்வில் தேர் இறங்கினால் குருசுமுத்துவின் கதை முடிந்தது. இத்தனை வருடமாக வீணுக்குத் திறந்து திறந்து வைத்த அந்தப் பொட்டு கடைசியில் ஆட்டத்தை வென்று கொடுக்கப் போகிறது. குருசுமுத்துவும் கண்டுவிட்டார். பீடியைக் கீழே போட்டுவிட்டார்.

ஆழ்வாப்பிள்ளையர் கையை ராசாவின் மேல் வைத்தார். எடுக்கவில்லை. வள்ளத்துக்கு வந்த சனம் ஏறி இருந்து குருசுமுத்துவைக் கூப்பிட்டது. அவர் அசையவில்லை. ஆழ்வாப்பிள்ளையரின் கண்ணால் தண்ணீர் ஓடுவதை அப்போதுதான் கண்டேன். தேரடியிலும் வழக்கிலும் ஒரு சொட்டு விடாத மனிதர்.

“அண்ணை, ஆட்டம் உங்கடை. அந்தப் பொட்டுக்காலை ஒரு அடி வையுங்கோ, நான் செத்தன்” என்றார் குருசுமுத்து.

“தெரியும். அதாலை நான் ஒருக்கா வந்தனான், குருசுமுத்து. அவளை உள்ளை விட்டிட்டு” என்றார் ஆழ்வாப்பிள்ளையர். “இன்னொருக்கா ஏலாது.”

ராசாவை எடுத்து, ராணிக்குப் பக்கத்தில் மெல்லச் சரித்து வைத்தார். ராசாவைச் சரித்தால் தோற்றதென்ற விதிப்படி பார்த்தால் அந்த ஆட்டம் குருசுமுத்து வென்றது. அந்த வெற்றியை அவர் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.